மரைன் ஹில் ஏற்றமும் ஒரு பிரேக் கம்பியும்

அன்று அந்தக் கார் ஏன் உருளவில்லை?

எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. நடந்தது இதுதான். பஜாரிலிருந்து திரும்பி, போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், ஏற்றத்தில் காரை நிறுத்தினேன். கேட்டைத் திறந்து உடனே உள்ளே ஏற்றப் போகிறோம் என்பதால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினேன். பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. மூங்கில் கேட்டின் கொக்கியில் கை வைத்தபோது பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. தடித்த தந்தி அறுந்த மாதிரி. திரும்பிப் பார்த்தேன். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

ஓடிவந்து ஏறி, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக் லீவரைத் தொட்டால் அது தொளதொளவென்று ஆடியது. அடியில் கம்பி அறுந்து தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலுக்குக் கீழே சாலை நேராகச் சரிந்து, வளைவில் திரும்புகிறது. வளைவுக்கு அப்பால் துறைமுகம் தெரியும். அந்தச் சரிவில் ஒரு தேங்காயைக் கீழே போட்டால் பிடிக்க முடியாது. கார் மட்டும் நின்றது.

கியரில் இருந்திருக்கும், நீதான் நியூட்ரல் என்று நினைத்துக்கொண்டாய் என்றார் என் கணவர். சக்கரத்தின் உள்ளே துரு ஏறிப் பிடித்திருக்கும் என்றார் பஜார் கடைக்காரர். பக்கத்து வீட்டு அக்கா திருச்செந்தூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். டயருக்குப் பின்னால் கல் ஏதாவது கிடந்ததா என்று அன்றே குனிந்து தேடினேன். ஒன்றுமில்லை. நியூட்ரலில்தான் போட்டேன் என்று அன்று சத்தியம் செய்திருப்பேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. நாள் ஆக ஆக, என் கை அன்று என்ன செய்தது என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தத்துக்கு முன்னால் சீமையில் செய்த சின்ன வண்டி. யாரோ ஒரு அதிகாரி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, மாற்றலாகிப் போகும்போது திரும்ப ஏற்றிச் செல்ல மனமில்லாமல் எங்களிடம் விட்டுப்போனார். என் கணவருக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை. நிக்கோபார் பக்கம் போனால் திரும்பி ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்க வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் வீட்டில் நானும் குழந்தையும்தான். குழந்தைக்கு இழுப்பு உண்டு. மழைக்காற்று திரும்பினால் போதும், நெஞ்சு உள்ளே ஒட்டி, மூக்கு விடைத்து, மூச்சு விசில் அடிக்கும். அப்படி ஆனால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியோ ஊரின் மறுபக்கத்து மேட்டில். ஒருமுறை இவர் கப்பலில் இருந்தபோது, கொட்டுகிற மழையில் அவளை ரெக்சினில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் மரம் ஏற்றிவந்த ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். லாரி வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பிலேயே அடுத்த மாதம் முழுதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அதற்குப் பிறகுதான் இவர் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தார்.

ஓட்டத் தெரிந்த பின் மனதில் ஒரு தைரியம் வந்திருந்தது. கம்பி அறுந்ததும் அது போய்விட்டது.

கார் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏற்றத்தின் நடுவே நிறுத்திவிட்டு மறுபடி கிளப்ப வேண்டுமென்றால் ஒரு கால் கிளட்சில் இருக்க வேண்டும், ஒரு கால் பிரேக்கில் இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை மிதிக்க இன்னொரு கால் வேண்டும். அந்த மூன்றாவது காலின் வேலையைத்தான் ஹேண்ட் பிரேக் செய்கிறது. என் கணவர் மாதிரி கை பழகியவர்கள் பாதத்தைச் சாய்த்து இரண்டையும் ஒரே காலால் சமாளிப்பார்கள். எனக்கு அது வரவில்லை. இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கலாம் என்றால், மூச்சுத் திணறும் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு எப்படி இறங்குவது? போர்ட் பிளேரில் மேடு இறங்காமல், மேடு ஏறாமல் எங்கும் போக முடியாது. ஆகவே ஹேண்ட் பிரேக் இல்லையென்றால் எனக்குக் கார் இல்லை. கார் இல்லையென்றால் மறுபடியும் அந்த மழை, அந்த நடை.

மெட்ராஸில் இருக்கும் கொழுந்தனார் கடை கடையாய் ஏறிப் பார்த்துவிட்டு, இந்த வண்டிக்குக் கம்பி எங்கேயும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். இவர் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் கப்பல் சாமான்தான் மருந்து. ஜன்னல் திரை கப்பல் கான்வாஸ், தூளி கட்டியது கப்பல் கயிறு. ஜெட்டியில் கயிறு, கம்பி வேலைக்கெல்லாம் தலைவர் ஒரு டிண்டல். ஆந்திராக்காரர், இவருக்குப் பழக்கம். அவரிடம் அறுந்த கம்பியின் இரண்டு துண்டுகளையும் கொடுத்ததும், கப்பல் கம்பியில் அதே மாதிரி ஒன்று செய்து அனுப்பினார். இரண்டு முனையிலும் இழைகளைப் பிரித்துத் திரும்பப் பின்னிக் கண்ணி போட்டிருந்தார். எனக்குச் சடை பின்னத் தெரியும், ஸ்வெட்டர் பின்னத் தெரியும். அப்படி ஒரு பின்னலை நான் பார்த்ததில்லை. தடவிப் பார்த்தால் ஒரு இழை கையில் குத்தவில்லை.

"கப்பலையே கட்டி நிறுத்துற கம்பி. இந்தத் தகர டப்பாவ நிறுத்தாதா?" என்றார் இவர்.

நிறுத்தவில்லை. லீவரைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்தும் கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கம்பியின் கடைசியில் இறுக்குவதற்கு மரை போட்ட ஒரு தண்டும் நட்டும் உண்டு. நட்டைத் திருகித் திருகி மரையே தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் கொஞ்சம் பிடித்தது. சக்கரத்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு கட்டையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தபோது கார் இறங்கிவந்து கட்டையில் முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில் இவருக்குக் கப்பல். பெட்டியை அடுக்கிக்கொண்டே, "நான் வர்ற வரைக்கும் வண்டி ஷெட்லயே கெடக்கட்டும்" என்றார்.

"நானே சரி பண்ணிட்டா?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கட்டை வைக்காம நம்ம வாசல் ஏத்தத்துல நிக்கட்டும். நின்னுச்சுன்னா எடு. நிக்கலன்னா தொடாத. தொட மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். சொன்னதைச் செய்கிறவள் என்று என் மேல் அவருக்கு நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான். அதனால்தான் பயமாக இருந்தது. குழந்தைக்கு இழுப்பு வந்து, கார் ஷெட்டில் நின்று, நான் கொடுத்த வாக்கும் குறுக்கே நின்றால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனைக்கு முடிவே இல்லாததால் கம்பியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

வண்டி ஷெட்டில் சமதளத்தில் நின்றது. நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, வைத்த கட்டையை உதைத்துப் பார்த்து, மறுபடி உதைத்துப் பார்த்து, அப்புறம்தான் இவருடைய பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு அடியில் நுழைந்தேன். கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, அதன் நடுப்பகுதியில் ஓரிடத்தைக் குறடால் பிரித்துப் பார்த்தேன். அந்த அழகான பின்னலைத் தொட மனம் வரவில்லை. பிரித்தால், இழைகளுக்கு நடுவில் எண்ணெய் ஊறிய சணல் கயிறு இருந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கியது. அப்படியானால் இழுக்க இழுக்க இரும்பு இழைகள் அந்தச் சணலை நெரித்துக்கொண்டு நீளும். கொடிக்கயிறு நினைவுக்கு வந்தது. புதுக் கொடி கட்டினால் ஈரத்துணியின் கனத்தில் முதல் சில நாள் தொய்யும். இழுத்துக் கட்டிய பிறகுதான் நிற்கும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அறுந்த பழைய துண்டுகளை முனையோடு முனை சேர்த்து வைத்து, பக்கத்தில் புதுக் கம்பியை நீட்டிப் பார்த்தால் புதியது ஒரு சாண் கூடுதல் நீளமாக இருந்தது. தவறிப்போய் நீளமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படிப் பின்னுகிறவர் அளவில் தவறுவாரா? நான்தான் தப்பாக அளக்கிறேனோ என்று துணி டேப்பை எடுத்து, அதுவும் நீளுமோ என்று சந்தேகப்பட்டு, மூங்கில் குச்சியால் அளந்தேன். அதே ஒரு சாண்தான்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிண்டல் வீட்டுக்குப் போனேன். அவர் தெலுங்கு, நான் தமிழ், நடுவில் தீவு இந்தி. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது புத்தக இந்தி. இங்கே வந்து கற்றுக்கொண்டதுதான் பேச உதவியது. கம்பி ஒரு சாண் கூடுதலாக இருக்கிறதே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

"டீல் தோ ரக்னா ஹீ படேகா, பஹன். பானி சட்தா ஹை, உதர்தா ஹை" என்றார். கொஞ்சம் தொய்வு விட்டுத்தானே ஆக வேண்டும், தண்ணீர் ஏறுமே, இறங்குமே என்கிறார்.

படகையும் கப்பலையும் கட்டுகிற கை அது. கடல் ஏறும்போது கயிறு விண்ணென்று இறுகி அறுந்துவிடாமல் இருக்க, எந்தக் கயிற்றை வெட்டினாலும் ஓதத்துக்கு என்று ஒரு பங்கு கூட்டியே வெட்டும். யோசித்துச் செய்ததல்ல. காருக்கும் கூட்டிவிட்டது.

"காடீ கே நீச்சே பானி கஹா ஹை, பையா?" என்றேன். காருக்கு அடியில் தண்ணீர் எங்கே அண்ணா இருக்கிறது?

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அவரிடம் தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு டீ வந்தது. குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் வந்தது. கடைசியில், சணல் இல்லாத கம்பி கொண்டுவந்தால் பின்னல் கண்ணி வேண்டாம், பழைய முனைகளில் உறைந்திருப்பதை உருக்கி எடுத்துவிட்டு, அவற்றிலேயே புதுக் கம்பியை நுழைத்து உலோகம் ஊற்றிப் பிடிக்க வைத்துத் தருகிறேன் என்றார். ஆனால் நீளத்தை மட்டும் என்னை நம்பாதே, என் கை கடலைத்தான் நினைக்கும் என்றார்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நீளத்தை நான் எப்படிக் கொடுப்பது? அங்குலத்தில் சொன்னால், அவர் வெட்டும்போது பழக்கத்தில் ஒரு சாண் சேர்ந்துவிடலாம். ஷெட்டில் ஒரு படாக் மரப் பலகை கிடந்தது. காருக்கு அடியில் லீவரில் கம்பியை மாட்டும் ஊசியிலிருந்து பின் சக்கரத் தண்டு வரைக்கும் மூங்கில் குச்சியைப் பிடித்துப் பார்த்து, அதே இடைவெளியில் பலகையில் இரண்டு ஆணி அடித்தேன். பிடுங்கினேன். மறுபடி அளந்து மறுபடி அடித்தேன். இறுக்குவதற்கு மரையில் இடம் விட வேண்டுமே என்று ஒரு விரல் குறைத்து மூன்றாவது தடவையும் அடித்தேன். இந்த இரண்டு ஆணிக்கும் நடுவில் தொய்யாமல் நிற்க வேண்டும். கை எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், பலகைக்குக் கடல் தெரியாது.

கம்பிக்காக அபர்டீன் பஜாருக்குப் போனேன். மீன்பிடி சாமான், படகு சாமான் விற்கும் கடை. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்துப் பாய், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சைக்கிள் பிரேக் கம்பி எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்றேன். இரும்புக் கம்பி எடுத்துக் காட்டினார். வளையவில்லை. நடுவில் சணல் இருக்கக்கூடாது, ஆனால் வளைய வேண்டும், தொய்யக்கூடாது என்றேன்.

"தங்கச்சி, நீங்க கேக்குறது கம்பியா, மாப்பிள்ளையா?" என்றார்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாயிற்று. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவரே எழுந்து உள்ளே போய், மோட்டார் லாஞ்சில் சுக்கானை இழுக்கும் கம்பியில் மிச்சம் என்று ஒரு சுருளைக் கொண்டுவந்து போட்டார். நுனியைப் பிரித்துப் பார்த்தேன். நடுவிலும் இரும்பு. கையில் சுற்றினால் சுற்றிக்கொண்டது. சுக்கான் கம்பி தொய்ந்தால் லாஞ்ச் சொன்ன பக்கம் திரும்பாது என்பதால் அதைத் தொய்யாதபடி செய்திருக்கிறார்கள். வீடு வரும்வரை அந்தச் சுருளைக் கையை விட்டு இறக்கவில்லை.

இருந்தாலும் கொடிக்கயிறு என் மண்டையை விட்டுப் போகவில்லை. இரும்பும் கொஞ்சம் நீளாதா? நீள்வதானால் காரில் மாட்டுவதற்கு முன்பே நீண்டுவிடட்டும் என்று, கம்பியின் ஒரு முனையைப் பின்கட்டில் இருந்த மாமரக் கிளையில் கிளாம்ப் போட்டு மாட்டி, மறு முனையில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். மூட்டையைத் தூக்க அக்கா வந்து கை கொடுத்தார். அவர் திருநெல்வேலிக்காரர், அவர் வீட்டுக்காரருக்குத் தபால் ஆபீஸில் வேலை. வேலை முடிந்ததும் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"ஏட்டி, அரிசியத் தூக்குல போட்டுட்டியே. அது என்ன குத்தஞ் செஞ்சிது?"

மரத்தில் மூட்டை தொங்குகிறது என்று வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாம் பின்கட்டை எட்டிப் பார்த்தார்கள். நான் மூட்டையின் அடிக்குச் சமமாக மரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தேன். மூட்டை ஒரு விரல் அகலம் இறங்கியது. அடுத்த நாள் பார்த்தேன், அதே இடம். அதற்கும் அடுத்த நாள் பார்த்தேன், அதே இடம். இனி நீள இதனிடம் ஒன்றுமில்லை.

டிண்டல் தன் வீட்டு முற்றத்தில் கரி அடுப்பு மூட்டினார். பழைய முனைகள் இரண்டிலும் குப்பி மாதிரி ஒரு குழி உண்டு. அதில் கம்பியை நுழைத்து, நுனி இழைகளைத் துடைப்பம் போல விரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, உருக்கிய வெள்ளை உலோகத்தை ஊற்றினார். விரிந்த இழைகள் உள்ளே உறைந்துவிட்டால் குப்பியின் குறுகிய வாய் வழியாக வெளியே வர முடியாது. முதல் முனை ஆறியதும் பலகையின் ஆணியில் மாட்டி, இரண்டாவது முனைக்கு இழுத்துப் பிடித்தார். பிடித்த கை தன்னையறியாமல் கொஞ்சம் நெகிழ்ந்தது. நான் பலகையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "பானி நஹீ, பானி நஹீ" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இறுக்கினார். அவர் மனைவிக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

கம்பியை மாட்டியது நான்தான். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நான் அடியிலிருந்து இழு என்றால் லீவரை இழுத்தார், விடு என்றால் விட்டார். இழுக்கும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டார். ஊசியைச் செருகி, அது கழன்றுவிடாமல் இருக்கப் பின் போட்டு, பின்னின் இரண்டு காலையும் விரித்து மடக்கினேன். வெளியே வந்தேன். மடக்கினேனா என்று சந்தேகம் வந்தது. மறுபடி உள்ளே போனேன். மடக்கித்தான் இருந்தது. கையைக் கழுவிய பிறகு இன்னொரு தடவை போனேன். கம்பியைவிட இதை நம்புவதுதான் கஷ்டமாயிருந்தது. என் கையை நானே நம்ப வேண்டும்.

பிறகு காரை வாசல் ஏற்றத்துக்குக் கொண்டுவந்தேன். அக்காவைக் குழந்தையோடு வீட்டுப் படியிலேயே இருக்கச் சொன்னேன். கீழே வளைவு வரைக்கும் சாலை காலியா என்று பார்த்தேன். லீவரை இழுத்தேன். பல் பல்லாக ஏறி, பாதியிலேயே கெட்டியாக நின்றுவிட்டது. நியூட்ரல். கையால் தொட்டு, ஆட்டிப் பார்த்து, நியூட்ரல்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன். கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். உடனே திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

நின்றது.

இறங்கி, பின் டயரிலும் அது தொடும் தாரிலும் சேர்த்து ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்தேன். கட்டை இல்லை, கல் இல்லை. கோடு பிசகவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து பார்த்தேன். பிசகவில்லை. எனக்குத் திருப்தி வரவில்லை. தள்ளிப் பார்க்கலாமா அக்கா என்றேன். அவர் வரிசை வீடுகளைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். எதிர் வீட்டு மலையாளத்து சேச்சி, மேல் வீட்டு வங்காளி தீதி, அவர் நாத்தனார் என்று கை துடைத்துக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் முன்பக்கத்தில் கை வைத்து இறக்கத்தை நோக்கித் தள்ளினோம். அக்கா, "தள்ளுங்கட்டி, காலைல தின்ன இட்லியெல்லாம் எங்க போச்சு" என்றார். தீதிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இட்லி தெரியும். அவர் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, தள்ளவே தெம்பில்லாமல் போயிற்று. சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. நான் சாலை ஓரத்தில் உட்கார்ந்து பேண்ட்டும் கிரீஸுமாக அழுதேன். ஏன் அழுகிறேன் என்று குழந்தை வந்து என் முகத்தைத் தொட்டுப் பார்த்தது.

இழுப்பு வந்தது சில நாள் கழித்து. விடியற்காலையிலிருந்தே காற்று மாறியிருந்தது. பகலில் அவள் நெஞ்சு ஒட்ட ஆரம்பித்தது. எடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்தத் தடவை இடமே இல்லை. வாசலில் நின்றால் எடு என்று இவர் சொல்லியிருந்தார், நின்றது. அக்கா வெளியே போயிருந்தார். குழந்தையை முன் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து உட்காரவைத்து, துண்டால் கட்டி, மழையில் இறங்கினேன்.

ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியபோது எதிரே அரசாங்க பஸ் வந்தது. அந்த இடத்தில் சாலை குறுகல், ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம். பஸ் ஹாரன் அடித்தது. ஓரம் கட்டி நிறுத்தினேன். எனக்குப் பின்னாலும் ஒரு ஜீப் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. லீவரை இழுத்தேன். பாதியில் கெட்டி. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இரண்டு காலையும் எடுத்தேன். கார் அசையவில்லை. மழை தகரக் கூரையில் விழுவது மாதிரி மேலே அடித்தது. பஸ் அங்குலம் அங்குலமாக எங்களைக் கடந்தது. டிரைவர் ஜன்னலிலிருந்து குனிந்து, ஓட்டுவது ஒரு பெண் என்பதைப் பார்த்து ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. நான் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் போனதும் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து, கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி முன்னால் திமிறியது. லீவரை விட்டேன். ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறினோம். கம்பி பிடித்ததும் விட்டதும் என் உள்ளங்கையில் தெரிந்தது.

டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. சரியான நேரத்தில் வந்தீர்கள், யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். இதைச் சொல்லும்போது எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இவர் கப்பலிலிருந்து வந்ததும் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, கார் அடியில் போய்ப் படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "யாரு ஊத்துனது?" என்றார். டிண்டல் என்றேன். "யாரு அளந்தது?" அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பெயரைச் சொன்னார். இப்போது இவருடைய கப்பலில் புதிதாகக் கம்பி போடும்போதெல்லாம் முதலில் கனத்தைக் கட்டித் தொங்கவிடுகிறார்களாம். கப்பலில் அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறார்களாம். இவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இழுப்பு குறைந்துவிட்டது. கம்பி அதே கம்பிதான். மழைக்கு முன்பும் பின்பும் கழற்றிப் பார்க்கிறேன், இடையிலும் பார்க்கிறேன் என்பதை இவரிடம் சொல்வதில்லை.

போன வாரம் பெரார்கஞ்சிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வயலும் பாக்குத் தோட்டமும் வைத்திருக்கிறார். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் ஓடும் பழைய ஜீப் அவருடையது. அதற்கும் ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்துவிட்டதாம். பஜார் பாய் என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தவர் அறுந்த துண்டுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இந்த ஊர்ல இத நீங்கதான் செய்வீங்கன்னாங்க" என்றார். அன்று முழுக்க அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே சமைத்தேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. துண்டுகளை வாங்கி வைத்திருக்கிறேன்.

என் கார் சின்னது. அதில் போவது என் குழந்தை, தவறினால் பொறுப்பு என்னுடையது. ஜீப் கனமானது, அதில் ஏறுகிறவர்கள் மற்றவர்களின் பிள்ளைகள். அரிசி மூட்டை என் காருக்குப் போதுமாயிருந்தது என்பதால் ஜீப்புக்கும் போதும் என்று எப்படிச் சொல்வது? மலைப் பாதையில் கனவண்டி ஓட்டுகிறவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள், கம்பி வேலை தெரிந்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஆட்களோடு நிற்கும் ஒரு ஜீப்பைத் தாங்க வேண்டிய கம்பியை, மாட்டுவதற்கு முன் எவ்வளவு கனம் கட்டி, எத்தனை நாள் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும்? எங்கள் மாமரத்தின் கிளை அதைத் தாங்குமா, அல்லது வேறு வழி இருக்கிறதா?